மெயின்ஃப்ரேம் தொகுதிகளில் கடிகார ஒத்திசைவு

ஒரே தரவுத்தளத்தைப் பல மெயின்ஃப்ரேம் கணினிகள் பகிர்ந்துகொள்ளும்போது, எது முன் நடந்தது, எது பின் நடந்தது என்பதைக் கடிகாரங்களே தீர்மானிக்கின்றன. ஒரு வங்கிக் கணக்கில் பணம் போடுவது ஒரு கணினியிலும், அடுத்த கணமே எடுப்பது வேறொரு கணினியிலும் நடக்கலாம். இரண்டும் தத்தம் பதிவேட்டில் நேரக்குறியோடு எழுதப்படும். தரவுத்தளம் பழுதானால் அப்பதிவேடுகளை நேர வரிசையில் கோத்துத்தான் அதை மீட்க முடியும். இரண்டாம் கணினியின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், போடாத பணத்தை எடுத்ததாகக் கணக்கு காட்டும். இக்கருத்தரங்கின் ஆய்வுப்பொருளுக்கு அடிப்படை இந்தச் சிக்கலே.

ஒரு செய்தி அனுப்பப்பட்ட நேரத்துக்கு முன்பே அது பெறப்பட்டதாகப் பதிவாகக் கூடாது. லெஸ்லி லாம்போர்ட் 1978இல் எழுதிய கட்டுரை இந்த முன்பின் உறவைக் கோட்பாடாக்கியது. ஆகவே கடிகாரங்களுக்கிடையிலான வேறுபாடு, செய்தி சென்றுசேரும் மிகக் குறைந்த நேரத்தைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஒளியிழையில் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 5 மைக்ரோ வினாடி போதும். குவார்ட்ஸ் படிகமோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு 86 மில்லி வினாடி விலகிவிடும்.

ஐ.பி.எம். 1990இல் கொண்டுவந்த சிஸ்ப்ளெக்ஸ் டைமர் இதற்கு முதல் விடை. தனிப் பெட்டியாக நின்று, ஒளியிழை வழியே எல்லாக் கணினிகளுக்கும் அது நேரம் வழங்கியது. 2007இல் புழக்கத்துக்கு வந்த சர்வர் டைம் புரோட்டோகால், சுருக்கமாக எஸ்.டி.பி., அந்தப் பெட்டியின் தேவையை நீக்கியது. கணினிகளை இணைக்கும் ஒளியிழைகளிலேயே நேரச் செய்திகளும் செல்கின்றன.

இருவழிச் செய்தியால் நேரம் அளக்கும் முறையின் சாரத்தை ஒரு கணக்கில் காணலாம். ஒரு கணினி தன் கடிகாரத்தில் 0 மைக்ரோ வினாடியில் கேள்வி அனுப்புகிறது. 120இல் பதில் வருகிறது. நேரம் தரும் கணினி கேள்வியைப் பெற்றது அதன் கடிகாரப்படி 70இல், பதில் விடுத்தது 90இல். இடையில் தங்கிய 20 போக, பயணம் 100, ஒருவழிக்கு 50. ஆக, கேட்ட கணினி 20 மைக்ரோ வினாடி பின்தங்கியிருக்கிறது. போகவும் வரவும் ஒரே நேரம் ஆகும் என்பதே இக்கணக்கின் அடித்தளம். போகும் இழை 10 கிலோமீட்டரும் வரும் இழை 12 கிலோமீட்டருமாக இருந்தால் 5 மைக்ரோ வினாடிப் பிழை நுழையும். செய்திகளை எத்தனை முறை பரிமாறினாலும் அது வெளிப்படாது.

இப்படி அளந்த விலகலைத் திருத்தும்போது கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை. அதன் ஓட்டத்தைச் சற்றே விரைவாக்கியோ மெதுவாக்கியோ நெறிப்படுத்துகிறார்கள். ஒரு வினாடியைச் சரிசெய்யவே பல மணி நேரம் பிடிக்கும்.

நேரம் தரும் முதன்மைக் கணினி நின்றால் மாற்றுக் கணினி பொறுப்பேற்கும். நின்றது கணினியா, அறுந்தது இணைப்பா என்று மாற்றுக் கணினியால் தனித்து முடிவுசெய்ய இயலாத நிலையும் வரும். அதற்காகவே நடுவராக மூன்றாவது கணினி அமைக்கப்படுகிறது. இரண்டு கணினிகள் தனித்தனியே நேரம் வழங்கத் தொடங்குவது, நேரமே கிடைக்காமல் போவதைவிடக் கேடானது.

தொகுதிக்குள் ஒற்றுமை கைகூடியபின் உலக நேரத்தோடு இணைவது அடுத்த தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018ஆம் ஆண்டு நிதிச்சந்தை விதிகள், அதிவேக வணிகத்தில் 100 மைக்ரோ வினாடிக்குமேல் விலகலை ஏற்பதில்லை. இணைய வழி நேரத்தோடு வினாடித் துடிப்பு சமிக்ஞையும் சேர்ந்தால் எஸ்.டி.பி. ஏறத்தாழ 10 மைக்ரோ வினாடித் துல்லியம் எட்டும்.

கருத்தரங்கு ஆராய வேண்டியவை இனி: நெடுந்தொலைவு இழைகளின் சமமின்மை, வெளி நேர மூலத்தின் நம்பகம், 1972 முதல் 2016 வரை 27 முறை சேர்க்கப்பட்ட லீப் வினாடியின் எதிர்காலம். மேலும், 1900 ஜனவரி 1 முதல் எண்ணிவரும் மெயின்ஃப்ரேமின் 64 பிட் கடிகாரம் 2042 செப்டம்பர் 17இல் நிரம்பிவிடும். 128 பிட் வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய வடிவத்தை நம்பி எழுதப்பட்ட நிரல்களை அதற்கு மாற்றுவதே மீதமுள்ள வேலை.