எல்லைப்புறக் குழந்தைக்கு இருமொழிப் படநூல்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் சங்க இலக்கியத்தின் பெருமையைப் பற்றியோ காப்பியங்களின் சிறப்பைப் பற்றியோ பேசுவது நம் வழக்கம். அவ்வழக்கம் நல்லதே. ஆயினும் எனக்கு அளிக்கப்பட்ட இந்த அரைமணி நேரத்தை, இன்னும் எழுத்துக் கூட்டவும் அறியாத சின்னஞ்சிறு குழந்தைகளுக்காகச் செலவிட விரும்புகிறேன். சங்க இலக்கியத்தை நாளை படிக்க வேண்டியவர்கள் அவர்கள்தாமே! அவர்கள் தமிழ் எழுத்தையே அறியாமல் வளர்ந்துவிட்டால், இன்று நாம் இங்கே பேசும் பெருமையெல்லாம் யாருக்காக?

நம் சங்கத்தில் இரு வகையினர் இருக்கிறோம். பிழைப்பை நாடி நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்து பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியேறியவர்கள் ஒரு வகையினர். எங்கும் குடியேறாமல், இருந்த இடத்திலேயே இருந்து, எல்லைக்கோடு வந்து சேர்ந்ததனால் வேற்று மாநிலத்தவரானவர்கள் மற்றொரு வகையினர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்கள் கோரியிருந்த நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அந்த வழக்கை இன்று மீண்டும் எடுத்துரைக்க நான் வரவில்லை. எல்லை வகுத்தாயிற்று; இரு புறத்தாரும் உறவினராய், அண்டை வீட்டாராய், ஒரே சந்தையில் கொள்வோரும் கொடுப்போருமாய் வாழ்ந்து வருகிறோம். ஆனால் அந்தக் கோட்டினால் விளைந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை. வீட்டில் ஒரு மொழியையும் பள்ளியில் மற்றொரு மொழியையும் கேட்டு வளரும் குழந்தையின் கையில் முதன்முதலாக எந்த நூலைக் கொடுப்பது?

இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியை எண்ணிப் பாருங்கள். 1848ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையினால் மெக்சிகோவின் பெருநிலப்பரப்பு அந்நாட்டின் கைக்குப் போயிற்று. அங்கே வாழ்ந்த ஸ்பானிய மொழியினர் ஓர் அடியும் நகராமலே வேறு நாட்டுக் குடிகளாயினர். பின்னர் வேலை தேடி வந்தவர்களும் அவர்களோடு சேர்ந்தனர். வீட்டில் ஸ்பானியம், பள்ளியில் ஆங்கிலம் என்று அவர்களுடைய குழந்தைகள் வளர்ந்தனர். நம் கதையைப் போலவே இருக்கிறதல்லவா?

அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் நாம் அறிய வேண்டியது. போர்ட்டோ ரிக்கோ தீவில் பிறந்த பூரா பெல்ப்ரே என்னும் அம்மையார் 1921ஆம் ஆண்டில் நியூயார்க் பொது நூலகத்தில் பணியில் அமர்ந்தார். தாம் வீட்டில் கேட்டு வளர்ந்த கதைகளுள் ஒன்றும் அந்த நூலகத்தின் அலமாரியில் இல்லை என்று கண்டார். கண்டவர் வருந்தி ஓய்ந்துவிடவில்லை. குழந்தைகளைக் கூட்டி உட்காரவைத்து ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் கதை சொல்லத் தொடங்கினார். அவற்றுள் ஒரு கதை 1932இல் நூலாக வெளிவந்தது. இன்று அவருடைய பெயரால் குழந்தை இலக்கியத்திற்கென ஒரு விருது, 1996ஆம் ஆண்டு தொடங்கி, வழங்கப்பட்டு வருகிறது. அவருக்குப் பின், 1975இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஹாரியட் ரோமர் என்பவர் ஒரு குழந்தை நூல் பதிப்பகத்தை நிறுவி, ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் ஸ்பானியமும் அமைந்த படநூல்களை வெளியிட்டார். எல்லையை ஒட்டிய எல் பாசோ நகரிலும் 1985இல் ஒரு சிறு பதிப்பகம் தோன்றி இருமொழி நூல்களை அச்சிட்டது. எல்லாம் தனிமனிதரும் சிறு குழுவினரும் தொடங்கிய முயற்சிகள். அரசின் கொள்கையோ மாறி மாறி வீசிற்று. கலிபோர்னியா மாநிலம் 1998இல் மக்கள் வாக்கெடுப்பினால் பள்ளிகளில் இருமொழிக் கல்வியைப் பெரிதும் ஒடுக்கியது. 2016இல் மற்றொரு வாக்கெடுப்பினால் அத்தடையை நீக்கியது. இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகளிலும் வீட்டில் இருந்த படநூலைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை என்பதை நாம் கருத வேண்டும்.

இருமொழிப் படநூல் என்பது புதுமை என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. குழந்தைகளுக்கென ஐரோப்பாவில் அச்சான முதற் படநூல்களுள் ஒன்றாகப் போற்றப்படுவது, கொமேனியசு என்னும் கல்வியறிஞர் இயற்றி 1658இல் நூரம்பர்க் நகரில் வெளியானது. அதுவே படத்தோடு இலத்தீனும் ஜெர்மனும் சேர்ந்த இருமொழி நூல்தான். நம் தமிழோ அச்சில் ஏறியதே இருமொழி நூலாகத்தான். 1554ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் வெளிவந்த சிறு சமயப் போதனை நூலில், தமிழ்ச் சொற்கள் ரோமன் எழுத்திலும் அவற்றின் பொருள் போர்த்துக்கீசியத்திலும் அச்சாயின. பின்னர் 1578இல் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' அச்சான ஊர் எது? இன்று கேரளத்தில் இருக்கும் கொல்லம்! நம் வீடுகளிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் அடையக்கூடிய ஊர்.

கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையவர்களை நினைத்துப் பாருங்கள். தேரூரில் 1876ஆம் ஆண்டு பிறந்தார். திருவிதாங்கூர் ஆட்சியின் கீழ் இருந்த அக்காலத்தில் பள்ளியில் மலையாளமே பயில நேர்ந்தது. தமிழையோ அருகிலிருந்த மடத்தின் சாந்தலிங்கத் தம்பிரானிடம் தனியே கற்றார். அவ்வாறு கற்றவர்தாம் தமிழ்க் குழந்தைகளுக்கு இனிய பாடல்களை இயற்றித் தந்தார். மலையாளம் அவருடைய தமிழைக் கெடுக்கவில்லை. பள்ளி தராத தமிழை ஊரார் ஒருவர் தந்தார். இச்செய்தியில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது.

இனி நம் நிலையைப் பார்ப்போம். சட்டம் நமக்கு எதிராக இல்லை. அரசியலமைப்பில் 1956ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தம் சேர்த்த 350அ உறுப்பு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. கேரள அரசும் தமிழ்வழிப் பள்ளிகளுக்குப் பாடநூல்கள் அச்சிட்டுத் தருகிறது. 2017ஆம் ஆண்டுச் சட்டம் கேரளப் பள்ளிகளில் மலையாளத்தைக் கட்டாயப் பாடமாக்கியது. தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டம் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஆகவே இஞ்சிவிளைக்கு இப்பால் தமிழ்க் குழந்தை மலையாளம் கற்கிறது. களியக்காவிளைக்கு அப்பால் விளவங்கோட்டு மலையாளக் குழந்தை தமிழ் கற்கிறது. இரண்டு குழந்தைகளுக்கும் வேண்டியது ஒரே நூல்! தமிழும் மலையாளமும் ஒரு படத்தின் கீழ் அமைந்த நூல். இதை நாம் உணர்ந்தால் நம் கோரிக்கை தமிழர் கோரிக்கை என்று மட்டும் நில்லாது. இரு புறத்தாருக்கும் பொதுவான நற்பணியாகும்.

அத்தகைய நூலை ஆக்குவதில் நமக்கு ஒரு வசதியும் ஓர் இடையூறும் உண்டு. ஆங்கிலத்திற்கும் ஸ்பானியத்திற்கும் எழுத்து ஒன்று. அன்றாடச் சொற்களோ பெரும்பாலும் வேறு. நமக்கோ சொற்கள் அண்மையில் இருக்கின்றன, எழுத்துதான் வேறு. கடல், மீன், மரம், வீடு, கை, பால் என்னும் சொற்களை எந்த மொழியில் சேர்ப்பது? இரண்டுக்கும் உரியவை. தலை, மலை, மழை என நாம் ஐகாரத்தில் முடிப்பவற்றை அவர்கள் தல, மல, மழ என்பர். யானை அங்கே ஆன. நம் குஞ்சு அவர்களுக்குக் குஞ்ஞு. நம் கஞ்சி கஞ்ஞி. நம் மாங்காயும் தேங்காயும் மாங்ஙாவும் தேங்ஙாவும் ஆகின்றன. பத்துச் சொற்களைப் படத்தோடு பார்த்த குழந்தை பதினோராம் சொல்லைத் தானே மாற்றிக் கொள்ளும். இலக்கண ஆசிரியர் ஒரு மாதம் கற்பிப்பதை விளையாட்டாகக் கண்டுகொள்ளும்.

எழுத்தின் இடையூறோ எளிதில் நீங்குவதன்று. அதனால்தான் இருமொழி நூல் ஐந்து வயதுக்கு முன்பே வேண்டும் என்கிறேன். மலையாள எழுத்தைப் பள்ளி தவறாமல் கற்பித்துவிடும். தமிழ் எழுத்தைக் குழந்தையின் கண்ணில் யார் படவைப்பது? பேச்சில் தமிழ் வாழ்கிறது என்று நாம் மன அமைதி கொள்கிறோம். பேச்சு வாழ, எழுத்து மறைந்தால், இரண்டு தலைமுறையில் என்ன நேரும் என்பதை நம் குடும்பங்களிலேயே காண்கிறோம். பாட்டி தமிழில் எழுதிவைத்த மருந்துக் குறிப்பைப் பேரன் படிக்க இயலாமல் மற்றொருவரிடம் கொண்டு செல்கிறான். இது எதிர்காலத்தில் நேரக்கூடிய ஒன்றன்று, இன்று நேர்கிறது.

மற்றொரு கருத்தையும் சொல்லியாக வேண்டும். அந்நூலில் எந்தத் தமிழை எழுதுவது? நம் ஊர்ப் பேச்சில் மரவள்ளிக் கிழங்கு மரச்சீனி, பலாப்பழம் சக்கை, குடிக்கும் நீர் வெள்ளம். பாடநூலில் வெள்ளம் என்றால் ஆற்றுப் பெருக்கு; சக்கை என்றால் பிழிந்தெடுத்த கழிவு. வீட்டில் சொன்ன சொல்லுக்கு வகுப்பில் சிரிப்பு எழுந்தால், குழந்தை அச்சொல்லை மட்டுமன்று, அதைக் கற்பித்த தாயையும் சற்றே குறைவாக மதிக்கத் தொடங்கும். ஆகவே படத்தின் அருகே மரச்சீனி என்றும் எழுதுவோம், மரவள்ளி என்றும் எழுதுவோம். வீட்டுச் சொல்லுக்கு இடம் கொடுத்து, ஏட்டுச் சொல்லையும் கற்பிப்போம்.

"இரண்டு மொழியைச் சேர்த்துக் கொடுத்தால் குழந்தை குழம்பாதா?" என்று சிலர் கேட்கின்றனர். அன்பர்களே, இரண்டு வயதுக் குழந்தையே பாட்டியிடம் எம்மொழி பேசுவது, அடுத்த வீட்டுச் சேச்சியிடம் எம்மொழி பேசுவது என்று அறிந்து பேசுகிறது. இருமொழிக் குழந்தைகளை ஆராய்ந்த அறிஞர்களும் இதையே கண்டுள்ளனர். ஒரே பேச்சில் இரு மொழிச் சொற்களைக் கலப்பது குழப்பத்தின் அடையாளமன்று. கைவசம் உள்ள சொல்லை எடுத்துப் பயன்படுத்தும் திறமையே அது.

ஆனால் இருமொழி நூலைப் படிக்கும் முறை ஒன்று உண்டு. இரண்டு மொழியையும் வரிக்கு வரி மாற்றிப் படித்தால், குழந்தை தனக்கு எளிதான மொழிக்காகக் காத்திருந்து மற்றதைக் காதில் வாங்காது. இன்று தமிழில் முழுக்கதை; நாளை மலையாளத்தில் அதே கதை. தமிழைப் பாட்டி படிக்கட்டும். மலையாளத்தை அக்காள் படிக்கட்டும். அச்சிடும்போதும் ஒரு மொழியைப் பெரிய எழுத்திலும் மற்றதைச் சிறிய எழுத்திலும் இடுதல் கூடாது. எது சிறியது என்பதைக் குழந்தை உடனே கண்டுகொள்ளும்.

இதற்கு வழி என்ன என்று கேட்பீர்கள். மூன்று படிகள் சொல்கிறேன்.

முதலாவது, இன்றே வாங்கக் கூடியது. சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் ஒன்பது மொழிகளில் படநூல்கள் வெளியிடுகிறது. அவற்றுள் தமிழும் மலையாளமும் உண்டு. அதன் இருமொழி நூல்கள் ஆங்கிலத்தோடு ஓர் இந்திய மொழியைச் சேர்த்தவை. நாம் ஒரே கதையின் தமிழ்ப் பதிப்பையும் மலையாளப் பதிப்பையும் இணையாக வாங்கி, பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டலாம். படம் ஒன்றாதலால் இரு நூலும் ஒரு நூலாகிவிடும்.

இரண்டாவது, நாமே அச்சிடக் கூடியது. பெங்களூரின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் 'ஸ்டோரிவீவர்' என்னும் இணையக் கதைக் களஞ்சியத்தைத் திறந்தது. அங்குள்ள கதைகளை, எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் குறிப்பிட்டு, எவரும் மொழிபெயர்க்கலாம், அச்சிடலாம், கட்டணம் இல்லை. நம் இளைஞர்கள் சிலர் கூடினால், மேலே தமிழும் கீழே மலையாளமுமாகச் சில நூல்களை இந்த ஆண்டிலேயே அமைத்துவிடலாம்.

மூன்றாவது, நமக்கே உரியது. நெய்யாறு மலையிலிருந்து இறங்கிப் பூவாறில் கடலைச் சேரும் வரையுள்ள வழியை ஒரு படநூலாக்குவோம். பதினாறு பக்கம் போதும். பக்கத்திற்கு ஒரு படம், இரண்டு வரி. சொற்களை நம் பாட்டிமார் சொல்லட்டும். மலையாளத்தை நம் மலையாள நண்பர்கள் திருத்தட்டும். படத்தைப் பள்ளிப் பிள்ளைகள் வரையட்டும். அச்சானதும் எல்லையின் இரு புறத்திலும் உள்ள அங்கன்வாடிகளுக்குக் கொண்டு கொடுப்போம்.

செலவுக்கு என்ன செய்வது? இவ்விழாவில் நாம் பொன்னாடைக்கும் பந்தலுக்கும் செலவிடுவதை ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள். அதில் ஒரு பகுதியை ஒதுக்கினால் போதும். அடுத்த ஆண்டு வரவுசெலவுக் கணக்கில் 'குழந்தை நூல்' என்று ஒரு தலைப்பு இடம்பெற வேண்டும் என்று செயற்குழுவை வேண்டிக் கொள்கிறேன். அடுத்த ஆண்டு விழாவில் என்னைப் போன்றவர்களின் சொற்பொழிவைச் சற்றே குறைத்து, ஐந்து வயதுக் குழந்தை ஒன்றை மேடையேற்றி, அந்த நூலின் ஒரு பக்கத்தை இரு மொழியிலும் படிக்கச் செய்யுங்கள். அதைக் கேட்க முன்வரிசையில் நான் அமர்ந்திருப்பேன்.

வாழ்க தமிழ்! வளர்க நம் நல்லுறவு!