மெஷின் பொய் சொல்லவில்லை!

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“அஞ்சு நிமிஷம் பேசு, ஆனா அட்வைஸ் பண்ணாதே” என்று எச்சரித்துவிட்டுத்தான் செயலாளர் மைக்கைக் கொடுத்திருக்கிறார். ஆகவே, நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன்.

எங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் சர்வரில் ஓடும் சில மென்பொருள்களை சோர்ஸ் கோடிலிருந்து நாங்களே கம்பைல் செய்துகொள்வோம். சி மொழியில் நூற்றுக்கணக்கான கோப்புகள். ஒவ்வொன்றும் கம்பைல் ஆகி ஓர் ஆப்ஜெக்ட் கோப்பாகும். கடைசியில் எல்லாம் சேர்ந்து ஒரு புரோகிராம். ஒரு கோப்பைத் திருத்தியதற்காக அத்தனையையும் மறுபடி கம்பைல் செய்தால் டீ குடித்துவிட்டு வந்தாலும் முடியாது. அதனால் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை வைத்துக்கொண்டு, மாறியதை மட்டும் ‘மேக்’ என்ற கருவி கம்பைல் செய்யும்.

ஒரு புதன்கிழமை. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பெண், ஒரு பிழையைத் திருத்திக் கொண்டு வந்தார். சர்வரில் ஏற்றி, மேக் கொடுத்து, ஓட்டிப் பார்த்தேன். அதே பிழை! “சரி பண்ணிட்டேன் சார்” என்றார். “என்னம்மா சரி பண்ணினே? நீயே பாரு!” என்று பத்துப் பேர் எதிரில் சத்தம் போட்டேன். பாவம், முகம் சுருங்கிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் என் மேஜைக்கு வந்தார். “சார், அந்தக் கோப்போட தேதியைப் பாருங்க” என்றார், அவ்வளவுதான். பார்த்தேன். அவர் தன் கம்ப்யூட்டரில் திருத்தியது திங்கட்கிழமை. வேறொரு வேலைக்காக நாங்கள் சர்வரில் முழுவதையும் கம்பைல் செய்தது செவ்வாய். அவருடைய கோப்பை ‘டார்’ மூட்டையாக சர்வரில் பிரித்தது புதன். டார் என்ன செய்யும்? கோப்பின் பழைய தேதியை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும். மேக் என்ன பார்க்கும்? சோர்ஸ் கோப்பு ஆப்ஜெக்ட் கோப்பைவிடப் புதியதா என்று தேதியை மட்டும் பார்க்கும். திங்கள் செவ்வாய்க்கு முந்தியதாயிற்றே! தொடவே இல்லை.

நம் ஹாஸ்டல் மெஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். காய் வாங்கிய நேரத்துக்குப் பிறகுதான் சாம்பார் வைத்தார்கள் என்றால் “அந்தக் காய் போட்ட சாம்பார்தான்” என்று முடிவு கட்டுவது மாதிரி. காய் குண்டானில் விழுந்ததா என்று யார் பார்த்தார்கள்? மேக் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது.

இதில் ஒரு வேடிக்கை. மேக் பிறந்ததே இப்படி ஒரு கூத்தில்தான். 1976-ல் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டீவ் ஜான்சன் என்ற பெரிய நிபுணர், சரியாக இருந்த புரோகிராமில் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிழை தேடினாராம். திருத்தம் செய்தாகிவிட்டது, அந்தக் கோப்பு கம்பைல் ஆகவில்லை! அதைக் கேட்டுத்தான் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் மேக்கை எழுதினார். அதற்காக 2003-ல் ஏ.சி.எம். விருதும் பெற்றார்.

தேதிதானே தகராறு, உள்ளடக்கத்தைப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் எழுதி 2002-ல் வந்த ‘சிகேஷ்’ அப்படித்தான் செய்கிறது. ஆனால் கம்பைலர் மாறியதா என்பதை அது வழக்கமாக அந்தக் கோப்பின் அளவையும் தேதியையும் வைத்தே அறிகிறது. கம்பைலரை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வழியாகக் கூப்பிடுகிறவர்கள் கம்பைலரை மாற்றினால், ஸ்கிரிப்ட் மாறாததால் பழைய சரக்கே வரும். ‘கான்ஃபிகர்’ கதையும் இதுதான். ஒரு நூலகம் “இல்லை” என்று குறித்து வைத்துக்கொண்டால், நீங்கள் அதை நிறுவிய பிறகும் “இல்லை” என்றே சாதிக்கும். அதனால்தான் 2001-ல் வந்த ஆட்டோகான்ஃப் 2.50 முதல், நாம் கேட்டாலொழிய அது குறித்து வைப்பதில்லை.

தம்பி தங்கைகளே, கேஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. தினசரி வேலைக்கு அது வேண்டும். ஆனால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கோளாறு, அது பார்க்காத இடத்திலிருந்துதான் வரும். வாடிக்கையாளருக்குப் போவதைக் காலி டைரக்டரியில் முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். ஒருவரைக் குற்றம் சொல்லுமுன் ஒரே ஒரு தடவை ‘மேக் கிளீன்’ கொடுத்துப் பாருங்கள்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாக இல்லை, அதே பத்துப் பேர் எதிரில். “பரவாயில்லை சார்” என்றார். இன்று எங்கள் பில்ட் வேலை முழுக்க அவர் பொறுப்பு. நானும் அவரைப் பற்றி நாலு மாதத்துக்கு முன் எடுத்து வைத்த முடிவையல்லவா கேஷில் போட்டு வைத்திருந்தேன்!

அட்வைஸ் பண்ணிவிட்டேனோ? செயலாளர் முறைக்கிறார்.