கேட்டால்தானே கிடைக்கும்!

(தலைப்பு: சிற்றூர்களில் பொது ஆவணங்கள் மக்களுக்கு எட்டாமல் இருக்கப் பெரிதும் காரணம் அலுவலகங்களின் மெத்தனமா? மக்களின் அக்கறையின்மையா? – ‘மக்களின் அக்கறையின்மையே’ என்ற அணியில் பேசியது.)



எனக்கு முன்னால் பேசின தம்பி ரொம்ப உருக்கமாகப் பேசினார். ‘தாலுகா ஆபீசுக்குப் போனா கிளார்க் இல்லை, கிளார்க் இருந்தா பீரோ சாவி இல்லை, சாவி இருந்தா கரண்ட் இல்லை’ன்னார். நானும் கைதட்டினேன். ஆனா தம்பி, ஒரே ஒரு கேள்வி. வாக்காளர் பட்டியலில் உங்க பாகம் எண் என்ன? (சிரிப்பு) சொல்ல மாட்டார். கிரிக்கெட் ஸ்கோர் கேளுங்க, உடனே சொல்வார்!

நடுவர்: அவரை விடும்மா. எனக்கே தெரியாது. (பலத்த சிரிப்பு)

அய்யா, தீர்ப்பில் பாதியை இப்பவே சொல்லிட்டீங்க! (கைதட்டல்)

வாக்காளர் பட்டியல் பூட்டி வைத்த ரகசியம் இல்லை அய்யா. வரைவுப் பட்டியல் வந்ததும், ஓட்டுச் சாவடியாக இருக்கிற பள்ளிக்கூடத்திலேயே பார்வைக்கு வைக்கிறார்கள். பேர் சேர்க்க 6-ம் எண் படிவம். ஆட்சேபம் சொல்ல, நீக்க 7. பிழை திருத்த, வீடு மாற 8. சந்தேகமா? 1950-க்கு போன் போடலாம். முன்பெல்லாம் ஜனவரி 1-ந் தேதிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். 2022-லிருந்து ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனை வாசல் திறந்திருக்கு. நம்ம ஆள் எப்போ போறார்? ஓட்டுப் போடுற அன்னிக்கு! ‘கார்டு இருக்குதே சார், பேர் இல்லைன்னா எப்படி?’ன்னு சண்டை. அட்டை, ஆள் யாருன்னு காட்டத்தான். ஓட்டுப் போட விடுவது பட்டியலில் இருக்கிற பேர். பந்தி முடிஞ்சு இலை எடுக்கும்போது வந்து ‘எனக்கு ஏன் இலை போடலை’ன்னு கேட்டா, சமையல்காரர் என்ன செய்வார்? (கைதட்டல்)

நம் நாட்டின் முதல் பொதுத் தேர்தல் 1951-52-ல் நடந்தது. சுகுமார் சென் தலைமைத் தேர்தல் ஆணையர். பட்டியல் எழுத வீடு வீடாகப் போனார்கள். வடக்கே பல வீடுகளில் பெண்கள் தங்கள் பேரை அந்நியரிடம் சொல்லவில்லை. ‘இன்னார் மனைவி’, ‘இன்னார் தாய்’ என்றுதான் பதிவானது. சொந்தப் பேர் இல்லாமல் ஏற்க முடியாது என்றது ஆணையம். சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலில் இல்லாமல் போனார்கள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அரசாங்கம் வாசலில் நின்றது. பேரைப் பூட்டி வைத்தது வீடு!

இன்னிக்கு மட்டும் என்ன வாழுதாம்? மகளைக் கட்டிக் கொடுக்கிறோம். குத்துவிளக்கு கொடுக்கிறோம், கட்டில் பீரோ கொடுக்கிறோம். அவள் பேரைப் புகுந்த வீட்டு முகவரிக்கு மாற்ற 8-ம் எண் படிவம் ஒன்று கொடுத்தோமா? அஞ்சு வருஷம் கழித்து ‘இந்த முகவரியில் இவர் இல்லை’ன்னு இங்கே நீக்குவார்கள். அங்கேயும் இருக்காது. ஓட்டு போச்சேன்னு அவள் வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள்.

2025 நவம்பரில் தமிழ்நாட்டில் பட்டியலின் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போ 2002, 2005 பட்டியலில் அப்பா பேரைத் தேடி எத்தனை பேர் அலைந்தோம்! அது என்ன நேற்று அச்சடித்த பட்டியலா? இருபது வருஷமா இருந்தது. நாம் பார்க்கவில்லை.

‘படிக்காத ஏழை ஜனம் என்ன செய்யும்’னு எதிரணிச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. பதில் ராஜஸ்தானில் இருக்கு. அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்று 1990-ல் ஓர் அமைப்பு. கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள் சேர்ந்தது. பலருக்குக் கையெழுத்துக்கூட வராது. ‘நாங்க வெட்டின மண்ணுக்குக் கணக்கு எங்கே? கூலிப் பட்டியலைக் காட்டு’ன்னு கேட்டார்கள். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் ஜனங்களைக் கூட்டி, அரசாங்க ஏட்டை உரக்க வாசித்தார்கள். வேலையே செய்யாதவன் பேரிலெல்லாம் கூலி எழுதியிருந்தது வெளியே வந்தது. 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் தர்ணா. அந்தக் குரல் வளர்ந்துதான் 2005-ல் நாடு முழுமைக்கும் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. நம் தமிழ்நாடு 1997-லேயே தனியாக ஒரு சட்டம் போட்டது. படிக்காதவர்கள் கேட்டு வாங்கிக் கொடுத்த சட்டத்தை, எம்.ஏ. படித்த நாம் ஒரு தடவையாவது பயன்படுத்தினோமா? (கைதட்டல்)

மெத்தனமே இல்லைன்னு நான் சொல்ல வரலை அய்யா. இழுத்தடிக்கிறாங்க. ‘நாளைக்கு வா’ங்கிறாங்க. ஆனா வாயால் கேட்டால்தான் நாளைக்கு. எழுதிக் கேளுங்க. பத்து ரூபாய் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தா அதுவும் இல்லை. 30 நாளுக்குள் பதில் தரணும். தராவிட்டால் மேல்முறையீடு. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம்! பட்டா, சிட்டாவை இப்போ கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். அண்ணன் தம்பி வெட்டுக்குத்து வரைக்கும் போன பிறகு பார்க்கிறதைவிட, அப்பா உயிரோடு இருக்கும்போதே ஒரு நாள் பார்க்கலாமில்லையா?

கடைசியாக ஒன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கு. வயசு ஆயிரத்து நூறு வருஷம். குடவோலைத் தேர்தலில் யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று வெட்டியிருக்கு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது. அவர் உறவுக்காரரும் கூடாது! ஓலையில் எழுதிப் பெட்டியில் வைக்காமல் ஏன் சுவரில் வெட்டினார்கள்? ஊரார் வருவார்கள், படிப்பார்கள், கேட்பார்கள் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கையை நாம் காப்பாற்ற வேண்டாமா?

சுவரில் எழுதினாலும் நின்று படிக்க ஆள் வேண்டும். ஆகவே, மக்களின் அக்கறையின்மையே பெரிய காரணம் என்று தீர்ப்பளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்குப் போனதும் அம்மா பேர், மனைவி பேர், மருமகள் பேர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். நடுவர் அய்யாவும் பாகம் எண்ணைப் பார்த்து வைக்கணும்! (சிரிப்பு) (கைதட்டல்)