அடிமரம் நம்முடையது

பழைய பாய்க்கப்பல் வாங்குகிறவர்கள் முதலில் அடிமரத்தைத்தான் பார்ப்பார்கள். பாயை மாற்றலாம், கயிற்றை மாற்றலாம். அடிமரம் உளுத்தால் எல்லாம் போச்சு!

யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் நம்மவர்கள் வேப்பமரத்தால் கட்டிய கப்பல் 'அன்னபூரணி'. ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே சூயஸ் கால்வாய், அட்லாண்டிக் கடல் தாண்டி ஓட்டிப்போய், 1938ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். பெயர்தான் மாறியது, அடிமரம் நம்முடையது!

இந்தக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த நம் முன்னோரும் கப்பலேறி வந்தவர்கள்தானே? லயம் மாறலாம், வேலை மாறலாம். அவர்கள் வந்த கதை தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அதுதான் நமக்கு அடிமரம்.