வாய்ப் புற்றும் நம்மிடம் பணிபுரிவோரும்

(தென்காசியில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மாணாக்கர்க்கு இலக்கணம் ஓதும் தமிழாசிரியராகிய யாம் நோயைப் பற்றிப் பேச முன்வந்தது எற்றுக்கு எனச் சிலர் ஐயுறலாம். மருத்துவர்தம் வேலையில் தலையிடுவது எம் கருத்தன்று. கடையும் ஆலையும் விடுதியும் நடத்திப் பலர்க்குக் கூலி கொடுத்து வாழ்வோர் இவ்வவையில் மிகுதியாக வீற்றிருக்கின்றீர்கள். அக்கூலி பெறுவோர் தம் வாயை ஒருமுறை மருத்துவர்க்குத் திறந்து காட்டுவதற்கு நீங்கள் செய்யவேண்டுவது யாது என்பதே இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

புற்று என்னும் பெயரை இந்நோய்க்கு இட்டவர் எவராயினும் பொருத்தம் அறிந்தே இட்டனர். கறையான் புற்று மண்மேல் ஒரு சாண் தோன்றும்பொழுதே அதன் வழிகள் உள்ளே பல முழம் ஓடியிருக்கும். ஆயினும் வாயில் வரும் புற்றுக்கு ஒரு வேறுபாடு உண்டு. ஈரலிலும் குடலிலும் வருவதுபோல அது மறைந்து நிற்பதன்று. கண்ணுக்கு எட்டும் இடத்திலேயே தோன்றுகின்றது. துடைத்தாலும் போகாத வெண்டிட்டு, செந்நிறத் திட்டு, இரண்டு வாரங் கடந்தும் ஆறாத புண், காரம் பட்டால் தாளாத எரிச்சல், வாய் முன்போல் அகலத் திறவாமை ஆகிய இவற்றைக் கண்டால் காலந் தாழ்த்தலாகாது. இவையெல்லாம் புற்றே என்று அஞ்சவும் வேண்டா, பல புற்றல்ல. எது புற்று, எது அன்று என்று சொல்ல வல்லவர் மருத்துவர் ஒருவரே. அவர் விளக்கொளியில் கன்னத்தின் உட்புறமும் ஈறும் நாவின் அடியும் நோக்கி, விரலால் தடவிப் பார்ப்பர். ஊசியில்லை, கத்தியில்லை. ஒரு வெற்றிலை மடித்து மெல்லும் நேரத்திற்குள் சோதனை முடிந்துவிடும்.

வெற்றிலை என்றதும் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றோம். தாம்பூலம் நம் முன்னோர் வழக்கமாயிற்றே, அதனைக் குறை கூறலாமோ என்பது அவர்தம் எண்ணம். முன்னோர்தம் தாம்பூலத்தில் புகையிலை இருந்ததில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்ச்சுகீசியர் கப்பலேறி இந்நாட்டிற்கு வந்து நானூறு ஆண்டுகளுக்குச் சற்று மேலாகின்றது. அதனை முன்னோர்மேல் ஏற்றுவது அவர்க்குச் செய்யும் அநீதியாகும். இனி, புகையிலையை நீக்கிவிட்டால் பாக்குக்குப் பழியில்லை என்பாரும் உளர். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், பாக்கும் தனியே புற்றை விளைப்பதே என்று 2004-இல் வெளியிட்டுவிட்டது. பாக்குத்தூளும் புகையிலையும் கலந்த பொட்டலங்களை நம் மாநில அரசு 2013-இல் தடுத்தது. தடுத்த பின்னும் அவை கிடைக்குமிடத்தில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இச்செய்தி நம் பக்கத்திற்குப் புதிதன்று. நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பணிபுரிந்த ஆர் என்னும் மருத்துவர், திருவிதாங்கூரில் வெற்றிலை பாக்கு மெல்லுவோர்க்கு வரும் வாய்ப் புற்றைப் பற்றி 1933-லேயே இலண்டன் 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். அந்நாளில் நெய்யூர் மட்டுமன்று, நம் அண்டையூராகிய செங்கோட்டையும் திருவிதாங்கூரைச் சேர்ந்ததே. 1956-இல்தான் இரண்டும் நம் மாநிலத்தோடு இணைந்தன.

ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்பால், திருவனந்தபுர மாவட்டத்தில் 1996-இல் ஒரு பெரிய சோதனை தொடங்கிற்று. முப்பத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆனோர் ஏறத்தாழ 1,90,000 பேரை இரு பகுதியாக்கி, ஒரு பகுதியாருடைய வாயை மூன்று முறை பார்க்க ஏற்பாடு செய்தனர். பார்த்தவர் மருத்துவரல்லர், பயிற்சி பெற்ற பட்டதாரிகள். முடிவு 2005-இல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களுள், பார்க்கப்பட்ட பகுதியில் வாய்ப் புற்றால் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. அப்பழக்கம் இல்லாதார்க்கு அத்தகைய பயன் காணப்படவில்லை. ஆதலின் யாரை முதலில் அழைத்துச் செல்லவேண்டும் என்பதும் விளங்குகின்றதன்றோ? நம் நாட்டரசு 2016-இல் வகுத்த முறைப்படி முப்பது வயது கடந்தார் ஐந்தாண்டுக்கொருமுறை காட்டிக்கொள்ளல் வேண்டும்.

இத்துணை எளிதாயிருக்க, அவர்கள் ஏன் செல்வதில்லை? அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நமக்கு எளிது. யாம் அறிந்த சுமைகூலியாளர் ஒருவர் கீழ்க்கன்னத்தில் புண்ணை வைத்துக்கொண்டு, மருந்துக் கடைக் களிம்பைத் தடவியே எட்டு மாதங் கழித்தார். புண் இன்னதாகலாம் என்று அவர்க்குத் தெரியாமலில்லை. ஒருநாள் போனால் ஒருநாட் கூலி போகும். நோயென்று தெரிந்தால் முதலாளி வேறாளை வைத்துக்கொள்வார். இவ்விரண்டுமே அவர் வாயை அடைத்தன. பின்னர்த் தாடையில் ஒரு பகுதியை அறுத்தெடுத்தார்கள். இன்று அவர் கஞ்சியன்றி வேறு உண்பதில்லை, மூட்டை தூக்குவதுமில்லை. மூத்த மகன் பள்ளியை விட்டு அதே கடையில் நிற்கின்றான். எம் வகுப்பில் இருந்த பிள்ளை அவன்.

குற்றாலத்தில் சாரற் காலத்துக் கடைகளிலும் விடுதிகளிலும் நள்ளிரவுவரை நிற்போர், குளிருக்கென்றும் உறக்கத்திற்கென்றும் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொள்வதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். அவ்விழிப்பால் வரும் ஊதியம் நமக்கே வருகின்றது.

ஆகவே யாம் வேண்டுவன இரண்டு. அரைநாட் கூலியைக் கழிக்காமல் அவர்களை அனுப்புங்கள். நோய் காணினும் வேலை போகாது என்று எல்லோர் முன்னும் வாய்விட்டுச் சொல்லுங்கள். இது தொற்றுநோயன்று, உடனிருந்து உண்பதால் ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு வாராது. பெண்களை மறந்துவிடாதீர்கள். பீடி சுற்றும் தாய்மார்களுள்ளும் வெற்றிலையோடு புகையிலை மெல்லுவோர் உளர். வாய் திறந்து காட்ட அவர்கள் நாணுவர். உங்கள் வீட்டுப் பெண்களே உடன் செல்வது நலம். மேலும் ஒன்று: முதலாளி முதலில் நாற்காலியில் அமர்ந்து வாயைத் திறக்கட்டும். வெற்றிலைச் செல்லம் அவர் மேசையிலும் இருப்பதுதானே!

தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கூட்டமாய்ச் செல்வதாயின் பல் மருத்துவரிடம் முன்னரே நாள் கேட்டுக்கொள்ளல் வேண்டும். ஐயமுள்ளோரைத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும். ஆதலின் பணியாளரிடம் அவ்வட்டை உண்டா என்று இப்பொழுதே கேட்டறியுங்கள். ஆனி பிறந்து அருவியில் நீர் விழத் தொடங்கிவிட்டால் குற்றாலத்துக் கடைக்காரர் ஒருவரும் ஆளை விடமாட்டார். எனவே வைகாசிக்குள் இது முடியவேண்டும். எத்தனை பேரை அனுப்பக்கூடும் என்பதை, இன்று கலையுமுன் காரியதரிசி அவர்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.