பாட்டனாரின் யானை

(நெய்வேலி நகரியத்தில் ஆற்றிய உரை)

நெய்வேலிக்கு வந்தவன் நிலக்கரியைப் பேசாமல் நகைச்சுவையைப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் உறவுண்டு. பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியிலே அழுத்தம் மிகுந்த நீர் இருக்கிறது. அதனை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் நிலைக்கும். இறைக்காவிட்டால் தரை பிளந்து நீர் பீறிட்டெழும். சிறுபான்மைச் சமுதாயத்தின் நெஞ்சுக்கடியிலும் அழுத்தம் உண்டு. அதை இறைக்கும் பொறிதான் அவர்தம் சிரிப்பு!

நோன்பு மாதத்து மாலையொன்றில், இந்நகரியத்திலே பணியாற்றும் இசுலாமியத் தோழர் ஒருவர் இல்லத்தில் கஞ்சி அருந்த அமர்ந்திருந்தேன். வைகறை உணவுக்கு எழாமல் உறங்கும் தம் தம்பியைப் பற்றித் தோழரின் அன்னையார் சொன்னார்: "பக்கிரிசா தப்பு அடித்தால் ஊரே எழும். இவனை எழுப்ப இஸ்ராபீல் வந்து ஊதினால்தான் உண்டு!" உலக முடிவு நாளில் எக்காளம் ஊதும் வானவர் இஸ்ராபீல். வீடே சிரித்தது; மாமனும் சிரித்தார்.

எனக்கோ சிரிப்போடு வெட்கமும் வந்தது. ஏன்? என் நாடகம் ஒன்றிலே, 'நம்பள்கி, நிம்பள்கி' என்று உளறும் சாயபு ஒருவரைப் படைத்திருந்தேன். கொட்டகை அதிர்ந்தது. முன்வரிசையில் இருந்த இதே தோழர் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, பரங்கிப்பேட்டையில் எங்கள் வீட்டிலே தமிழைத் தவிர வேறு மொழி எவருக்கும் தெரியாது. நீங்கள் காட்டிய ஆளை நாங்கள் கண்டதே இல்லை" என்றார். கையொலி வாங்கினேன், கண்ணியம் இழந்தேன்!

அவர்களைப் பார்த்து நகைக்க அவர்களுக்கே தெரியும், தோழர்களே! வைக்கம் முகம்மது பஷீர் 1951இல் மலையாளத்தில் ஒரு நாவல் தந்தார். நொடித்துப்போன முஸ்லிம் குடும்பத்துத் தாய், தன் தந்தைக்குக் கொம்பன் யானை இருந்ததென்று ஓயாமல் பெருமை பேசுகிறாள். முடிவிலே ஊர்ச் சிறுவர்கள் கூவுகிறார்கள், அது குழியானை என்று! மணலில் குழி பறிக்கும் சிறு பூச்சி! தமிழிலே தேங்காய்ப்பட்டினத்துத் தோப்பில் முகமது மீரான், 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் ஊர் முதலாளியின் செருக்கையும் சமயப் போர்வை போர்த்திய ஏமாற்றையும் எள்ளினார். அக்கதை 'முஸ்லிம் முரசு' இதழிலேயே தொடராக வந்து, 1988இல் நூலாயிற்று. தன் குறையைத் தன் வீட்டு முற்றத்திலேயே காட்டும் துணிவு அது!

நம்மிடம் அத்துணிவு உண்டா? இமயத்தில் வில் பொறித்தோம், கடாரம் கொண்டோம் என்று மேடைதோறும் முழங்குகிறோம். நம் கிளைப் படிப்பகத்துக்குப் பூட்டுத் தொங்குவதை ஒருவர் சுட்டினால் சீறுகிறோம். நமக்கும் உண்டு, ஐயா, பாட்டனார் யானை!

உளறும் சாயபுவை நாடகத்திலிருந்து நீக்கிவிட்டேன். "உறங்கும் மாமனை வைத்துக்கொள்ளட்டுமா?" என்று தோழரைக் கேட்டேன். "வையுங்கள் அண்ணா. ஆனால் மாமனை மட்டும் தனியே வைக்காதீர்கள், அவரை எழுப்பும் அம்மாவையும், கஞ்சி காய்ச்சும் அடுப்பையும், வீட்டையும் சேர்த்து வையுங்கள்" என்றார்.

கல்லூரியை முடிக்காத எனக்கு அன்று கிடைத்த பாடம் அது. மேடையேறும் தோழனே! நீ எவரைக் கொண்டு சிரிப்பு மூட்டுகிறாயோ, அவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என்று எண்ணிப் பேசு. அவரும் சேர்ந்து சிரித்தால், அது நகைச்சுவை. அவர் மட்டும் சிரிக்காதிருந்தால், அது நம் சிறுமை!