வாத்தியமும் சாதகமும்
(சங்கத்தின் வருடாந்த விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் இறைவழிபாடும் என்னும் பொருள்பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் எம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அப்பொருளை எம்மிலும் நன்கறிந்த பெரியோர் பலர் முன்வரிசையிலே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முன்னிலையிலே பண்ணிலக்கணம் பேசத் துணிவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகும். ஆதலால் எமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப்பற்றியே பேசலாமென எண்ணுகின்றோம். அஃது எமது குற்றமேயாம்.

சங்க மண்டபத்தின் மேற்குப்புற அறையைத் திறந்து பார்த்தவர்கள் அறிவார்கள். அங்கே பழைய ஹார்மோனியம் ஒன்று இருக்கின்றது. அதன்மேல் ஒரு கீபோட். அதன் அருகே அதனிலும் பெரிய இன்னொரு கீபோட். மின்சாரச் சுருதிப்பெட்டிகள் இரண்டு; ஒலிவாங்கிகள் ஆறு. ஒலிவாங்கிகளுள் இரண்டு இன்னும் உறை பிரிக்கப்படவில்லை. இவையெல்லாம் 2021ஆம் ஆண்டு தொடக்கம் பஜனைக் குழுவினராகிய நாமே ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நியாயஞ் சொல்லிச் சங்கத்தைக்கொண்டு வாங்குவித்தவை. இதே காலத்திலே நாம் புதிதாகப் பாடம் பண்ணிய தேவாரப் பதிகங்கள் எத்தனையென்று சென்ற மாதம் இருந்து எண்ணினோம். மூன்று! அவற்றுள் ஒன்றையேனும் ஏடு பாராமல் முழுவதும் பாடக்கூடியவர் எம்முள் இருவரே.

இது நேர்ந்த விதத்தைச் சற்றே சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமைப் பஜனை சோபிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். "நாம் இந்த வாரம் ஒருநாளேனும் பாடிப் பழகவில்லை" என்று எவரும் சொல்வதில்லை. "மைக் சரியில்லை" என்று ஒருவர் சொல்வார். "இந்தக் கீபோட்டில் வீணையின் ஓசை வீணைபோல் இல்லை" என்று மற்றொருவர் சொல்வார். அன்றிரவே கைத்தொலைபேசியில் எவரோ ஒரு வித்துவான் புத்தம்புதிய கருவியொன்றை வாசிக்கும் காட்சியைக் காண்போம். அவர் விரலிலே இருபது வருடச் சாதகம் இருக்கின்றது. எமது கண்ணுக்குத் தெரிவதோ கருவி மாத்திரமே. அந்தக் கருவியை வாங்கினால் இருபது வருடமும் பெட்டிக்குள்ளே வந்துவிடும் என்பது அந்நேரத்து மயக்கம்.

பெட்டி வந்து சேர்ந்ததும் ஒரு வாரம் திருவிழாத்தான். எமது பெரிய கீபோட்டிலே அறுநூறு வகை ஓசைகள் உண்டு. அறுநூற்றையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தோம். குதிரை கனைக்கும் ஓசைகூட இருக்கின்றது. பஜனைக்குப் பயன்படுவன இரண்டே. எட்டாம் நாள் அதே பழைய விரல்கள், அதே பழைய தடுமாற்றம். ஒன்பதாம் நாள் இன்னொரு கருவியின் விலைப்பட்டியல்! வோல்ற்றர் பெக்கர் என்னும் அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் 1990களிலே இதனை ஒரு நோயாகவே பாவித்து வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். கிற்றார் வாங்கிக் குவிக்கும் நோய் என்பது அவர் இட்ட பெயரின் பொருள். நோயென்று பெயர் வந்தபின்னர் அதனைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோரே பெருகிவிட்டனர் என்பது வேறு கதை.

ஒரு பொருள் தனியே வருவதுமில்லை. பிரெஞ்சு அறிஞர் டிடரோ 1769இல் எழுதிய ஒரு கட்டுரையிலே இதனை அழகாகக் காட்டுகின்றார். அவருக்குப் புதிய அங்கியொன்று கிடைத்தது. அதன் அழகுக்கு முன்னே பழைய நாற்காலி அவலட்சணமாய்த் தோன்றிற்று, நாற்காலியை மாற்றினார். பின்னர் மேசை, சுவரிலே தொங்கிய படம், இப்படியே எல்லாம் மாறின. எமது கீபோட்டும் அவ்வாறே செய்தது. அதற்கேற்ற ஒலிபெருக்கி வேண்டுமென்றது. ஒலிபெருக்கி வந்ததும் பழைய ஒலிவாங்கிகள் குறையுடையனவாயின. இந்த வருடம் ஒலிக்கலவைப் பெட்டியொன்றும் புதிய ஒலிபெருக்கிகள் இரண்டும் வேண்டுமென்ற தீர்மானம் நிருவாக சபையின் முன்னே இருக்கின்றது. அதைக் கொண்டுவந்தவர்களும் நாமே.

இவ்விடத்திலே திருநீலகண்ட யாழ்ப்பாணர் சரிதத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. பெரியோர்கள் அறிந்த கதை, இளைஞர்பொருட்டுச் சொல்லுகின்றோம். திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் பதிகங்களை யாழிலே வாசித்து அவருடனே தலந்தோறுஞ் சென்றவர் பாணர். அவர்கள் திருத்தருமபுரம் சேர்ந்தபோது, அங்குள்ள பாணரின் சுற்றத்தார், இவர் யாழில் வாசிப்பதனாலேயே பிள்ளையாரின் பதிகம் எங்கும் பரவியது என்று புகழ்ந்தனர். பாணர் நடுங்கிப்போனார். யாழிலே அடங்காத ஒரு பதிகத்தைப் பாடியருள வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் பாடிய அப்பதிகமே யாழ்மூரி எனப்படுவது. பாணர் அதை வாசிக்க முயன்றார், வரவில்லை. இந்தக் கருவியாலன்றோ இத்தனையும் நேர்ந்தது என்று யாழை உடைக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து அதனை வாங்கி, கருவியில் வந்த அளவிலே வாசியும் என்று சொல்லி மீண்டும் அவர் கையிலே கொடுத்தார்.

இந்தக் கதையைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும், பிள்ளையாரின் பெருமையைச் சொல்லும் கதையென்று மாத்திரமே நாம் எண்ணியிருந்தோம். இப்பொழுது பாணரின் கையே கண்ணுக்குத் தெரிகின்றது. எல்லை வந்து நின்றவிடத்திலே கருவிமேற் கோபம் வருகின்றது. அவர் உடைக்கப் பார்த்தார். நாமோ உடைப்பதில்லை, மேற்குப்புற அறையிலே வைத்துப் பூட்டிவிட்டு வேறொன்று வாங்குகின்றோம். பாணர் வேறு யாழ் தேடிப் போனதாகச் சேக்கிழார் சொல்லவில்லை. திருநல்லூர்ப்பெருமணம் வரையும் பிள்ளையாரை விட்டு நீங்காது உடன்சென்றார் என்றே சொல்லுகின்றார்.

அப்படியாயின் புதிய கருவி எக்காலத்தும் ஆகாதோ என்று கேட்பீர்கள். ஆகாதென்று நாம் சொல்லவில்லை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தமது வாத்தியத்தையே மாற்றினவர். முன்னாளிலே வழங்கியது குறுகிய, உச்சச் சுருதியுடைய திமிரி நாயனம். தாம் விரிக்க விரும்பிய இராகங்களுக்கு அது போதாதென்று கண்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியாரைக்கொண்டு, நீண்டு சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தைச் செய்வித்தார். இன்று எமது ஆலயங்களிலே கேட்பது பெரும்பாலும் அந்த நாயனமே. ஆனால் இங்கே முறைமையைக் கவனியுங்கள். வித்தை முதலிலே வளர்ந்தது. வளர்ந்த வித்தைக்குக் கருவி சிறுத்தது. பின்னரே புதிய கருவி வந்தது. நாமோ முதலிலே சட்டையைப் பெரிதாகத் தைத்துவிட்டு உடம்பு வளருமென்று பார்த்துக்கொண்டிருக்கின்றோம்!

ஹார்மோனியமும் ஒருகாலத்திலே புதிதாய் வந்ததுதான். 1840களிலே பாரிஸ் நகரத்து அலெக்சாந்தர் டெபேன் என்பவர் உருவாக்கியது. கிறித்தவ மிஷனரிமாரோடு பாரதம் வந்தது. கல்கத்தாவிலே துவாரகநாத் கோஷ் என்பவர் நிலத்திலிருந்து கையால் துருத்தி ஊதி வாசிக்கும்படி அதனைத் திருத்தினார். கமகத்துக்கு இடங்கொடாது என்று அகில இந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. 1971இலேயே அத்தடை தளர்ந்தது. அந்தக் குறை உண்மையானதே. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே வழுக்கிச் செல்ல அதிலே வழியில்லை. கட்டைகளையுடைய கீபோட்டுக்கும் பெரும்பாலும் அதே குறைதான். 75,000 ரூபா கொடுத்து வாங்கியதால் அது தீர்ந்துவிடவில்லை. பண்ணின் அசைவு மனிதன் தொண்டையிலேதான் வரவேண்டும்.

நாம் படித்தது ஒரு மிஷன் பாடசாலையில். காலை வழிபாட்டுக்கு அங்கே காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஹார்மோனியம் ஒன்று இருந்தது. அதனை வாசித்த ஆசிரியை இப்பொழுது இளைப்பாறிவிட்டார். ஏழு வருடம் அந்த ஓசைக்கு நாம் பாடினோம். பாடசாலையை விட்டு நீங்கிய நாளன்று ஆவலினால் அதனைத் திறந்து கட்டைகளைத் தொட்டுப் பார்த்தோம். நடுவே மூன்று கட்டைகள் ஊமை! அந்தச் சுரங்கள் வருமிடங்களிலே அவர் ஒரு ஸ்தாயி இறக்கியோ ஏற்றியோ வாசித்து வந்திருக்கின்றார். ஏழு வருடமும் எமக்கு அது தெரியவில்லை.

சென்ற மாதம், முன்வரிசையிலே அமர்ந்திருக்கும் பெரியவர் ஒருவரின் துணையோடு எமது சங்கத்து ஹார்மோனியத்தைக் கழற்றினோம். 2021இல் அதிலே ஒரு கட்டை பேசாது போனதனாலேதான் முதற் கீபோட் வாங்கப்பட்டது. அந்தக் கட்டைக்குரிய பித்தளை நாக்கின் அடியிலே தூசு அடைத்திருந்தது, அவ்வளவே. மெல்லிய கடதாசித் துண்டொன்றை நாக்கின்கீழ்ச் செலுத்தி இருமுறை இழுத்தார் அப்பெரியவர், கட்டை பேசிற்று. துருத்தியிலே பூச்சி அரித்த துளைக்குத் தோல் ஒட்டினோம். செலவு 350 ரூபா. பெரியவர் எம்மை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. கைகளைத் துடைத்துக்கொண்டு, "தம்பிமாரே, 2021இலும் நான் இந்த ஊரிலேதான் இருந்தனான்" என்றார்.

இன்னொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். இரண்டாவது கீபோட்டுக்குப் பணஞ் சேர்க்க நாம் பட்டியலோடு வீடு வீடாகச் சென்றது 2022இல். ரூபா வீழ்ந்து, எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சனங்கள் நாட்கணக்கிலே வரிசையில் நின்ற வருடம் அது. வெற்றுச் சிலிண்டரை வாசலிலே வைத்துக்கொண்டு 200 ரூபா எடுத்துத் தந்த அம்மாவை நாம் மறக்கவில்லை. கோயிற் காரியம் என்று நம்பித் தந்தார். அடுத்த வருடம் பிள்ளைகளின் பண்ணிசை வகுப்பு நின்றது. ஆசிரியருக்குப் பஸ் செலவோடு மாதம் 5,000 ரூபா கொடுக்கப் பணமில்லையென்று தீர்மானித்தது எந்தக் கூட்டமோ, அதே கூட்டமே இரண்டாவது சுருதிப்பெட்டிக்கு அனுமதி கொடுத்தது. அக்கூட்டத்திலே நாமும் இருந்தோம், கையும் உயர்த்தினோம்.

ஆகையால், தலைவர் அவர்களே, ஒலிக்கலவைப் பெட்டிக்கான தீர்மானத்தைப் பஜனைக் குழுவின் சார்பிலே இந்த மேடையிலேயே மீளப் பெற்றுக்கொள்ளுகின்றோம். ஒலிவாங்கியை வேண்டாமென்று சொல்லவில்லை. மண்டபத்துக்கு வெளியே பாயில் இருக்கும் வயோதிபருக்கும் கேட்கவேண்டுமன்றோ? நாலு போதும். உறை பிரிக்காத இரண்டையும் பெரிய கீபோட்டையும் கருவியில்லாத பாடசாலையொன்றுக்குக் கொடுக்கலாமா என்பதைப் பொதுக்கூட்டம் முடிவு செய்யட்டும். பண்ணிசை ஆசிரியரை நேரிற் கண்டு பேசினோம். பழைய வேதனத்துக்கே வரச் சம்மதித்திருக்கின்றார். கூட்டித் தரக் கேட்கவில்லை. நாமே கூட்டித் தர வேண்டும்.

வருகின்ற செவ்வாய் மாலை 6 மணிக்கு வகுப்பு தொடங்கும். பிள்ளைகளோடு பஜனைக் குழுவினரும் கீழே இருந்து படிப்பார்கள். ஹார்மோனியம் மண்டபத்தின் நடுவே இருக்கும். மேற்குப்புற அறையின் திறப்பைப் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டோம். முன்வரிசைப் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். பிழையாகப் பாடும்போது கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள். இடையிலே நிறுத்தி, எந்த இடமென்று சொல்லுங்கள்.